அடுப்படிக்கு ஒன்று, மாமா ரூமுக்கு ஒன்று

பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். எந்த ரூமில் வைக்கப் போகிறீர்கள்? அந்த ரூமில் அதோடு பேசப் போவது யார்? அலெக்சா என்று கூப்பிட்டால் பதில் சொல்லும் அமேசானின் எக்கோவா, கூகுளின் நெஸ்ட்டா, திரை வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தானாகப் பாதி முடிவாகிவிடும். நாங்கள் அப்படித்தான் ஒவ்வொரு ரூமாகப் பார்த்து, ஒன்று பழகிய பிறகு அடுத்தது என்று வாங்கினோம்.

வீடு மதுரை விளாங்குடியில். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் ஹால், அடுத்து மாமா அத்தை ரூம், அதைத் தாண்டி அடுப்படி. மாடியில் எங்கள் ரூமும் பிள்ளைகள் ரூமும், நான் கணக்கு வேலை பார்க்கும் மேசையும். மாமா மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், காது கொஞ்சம் மந்தம். அத்தை இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார், பேச மாட்டார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் பொளந்து கட்டும். ஆறு பேரும் ஆறு விதமாகப் பேசுகிற வீட்டில், எல்லோருக்கும் ஒரே பெட்டி சரிப்படாது.

மொழி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்கோ 2017-லும், நெஸ்ட்டுக்கு முன்னோடியான கூகுள் ஹோம் 2018-லும் இந்தியாவுக்கு வந்தன. அலெக்சா 2019-ல் இந்தியும் பேச ஆரம்பித்தது. போனில் கூகுள் அசிஸ்டன்டிடம் தமிழில் பேசிப் பழகியவர்கள் ஸ்பீக்கரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் எக்கோக்களில் மொழித் தேர்வுக்குப் போனால் தமிழ் கிடையாது. அதனால் பெரியவர்கள் இருக்கும் ரூமுக்கு வாங்கும்போது, இந்தக் கருவியோடு வாக்கியம் பேசாமலேயே என்னென்ன வேலை வாங்கலாம் என்று யோசிப்பதுதான் புத்திசாலித்தனம். அப்படி யோசித்தால் வழி நிறையவே இருக்கிறது.

ஹாலில் இருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே பலரும் செய்வது, டிவி ஸ்டாண்டிலேயே ஸ்பீக்கரையும் வைத்துவிடுவது. பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் டிவி சத்தம் அதன் மைக்குக்கு நேராக விழும். நாம் கூப்பிடுவது காதில் ஏறாது, விளம்பரத்தில் யாராவது அலெக்சா என்று சொன்னால் மட்டும் டக்கென்று விழித்துக்கொள்ளும். நாங்கள் டிவிக்கு எதிர்ப்பக்கம், சோபா பக்கத்து முக்காலியில் வைத்திருக்கிறோம். மூலையில் ஒட்டி வைத்தால் பாட்டில் அடிச்சத்தம் மட்டும் கும்மென்று கேட்கும், பேச்சு தெளியாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.

தெருப் பக்கத்து ஜன்னலும் ஆகாது. மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் ஆரம்பித்து ஆடி முடியும்வரை ஏதாவது ஒரு தெருவில் கோயில் விசேஷம், குழாய் ஸ்பீக்கர். அந்த நாட்களில் ஜன்னலோரம் இருக்கும் எந்த மைக்கும் நம் குரலைப் பிரித்து எடுக்காது. உள்ளே தள்ளி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இல்லாவிட்டால் மைக் பொத்தானை அமுக்கிவிட்டு, சிவப்பு விளக்கோடு அன்றைக்கு லீவு கொடுத்துவிடலாம். நாங்கள் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் முழுக்க அப்படித்தான்.

ஹாலுக்கு நல்ல சத்தம் வேண்டும் என்று விலை கூடிய மாடலுக்குப் போக இருந்தோம். இவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்களோடு பரண் மேல் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டி, எக்கோவில் சின்னதான எக்கோ டாட்டிலிருந்து ஒரு ஆக்ஸ் கேபிள் இழுத்தார். டாட் சொன்னதைக் கேட்கிறது, பெட்டி பாடுகிறது. இனி எந்தக் குட்டி ஸ்பீக்கரும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வராது. இங்கே கவனிக்க வேண்டியது: டாட்டில் மூன்றாம், நான்காம் தலைமுறை வரை அந்தக் கேபிளைச் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை உண்டு, ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். புதியதில் புளூடூத் வழியாகத்தான் இணைக்க முடியும். வீட்டில் பழைய செட் இருந்தால் பழைய டாட்டுக்கு இன்னும் மவுசு இருக்கிறது.

பழையதை டவுன் ஹால் ரோடு பக்கம் செகண்ட் ஹேண்டில் தேடினோம். கடையில் ஆன் செய்தால் விளக்கு எரியும், வணக்கம் சொல்லும். அது போதாது. முந்தைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நம் போனில் சேராது. முதலில் பார்த்த கடையில் அப்படித்தான், யாருடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அங்கேயே நின்று, நம் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, நம் கணக்கில் பதிவு செய்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

பாட்டு கேட்பது பற்றி. தமிழ்ப் பாட்டின் முதல் வரியைச் சொல்லிக் கேட்டால் பாதி நேரம் சம்பந்தமில்லாத ஒன்று வரும். இங்கிலீஷ் காதோடு தமிழைக் கேட்கிற கருவி அது, நம் உச்சரிப்பில் தப்பில்லை. இளையராஜா ஹிட்ஸ், ரஹ்மான் மெலடி என்று ஆளைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரியாக வரும். இதைவிட நல்ல வழி, போனில் நமக்குப் பிடித்ததை எல்லாம் ஒரு பிளேலிஸ்டாகச் சேர்த்து, அதற்கு வாயில் சுலபமாக வரும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்துவிடுவது. எங்கள் வீட்டில் ‘ப்ளூ’ என்றால் மாமாவின் பழைய பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் நம்ம ஊரில் பிறந்தவர் என்று மாமாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, ஆனால் அந்தப் பெயரை அலெக்சாவுக்குப் புரிய வைப்பதற்குள் அவருக்குப் பாட்டு கேட்கும் ஆசையே போய்விடும். ப்ளூ என்றால் பாடுகிறது, சரி. இலவசக் கணக்குகளில் பல நேரம் கேட்ட பாட்டே வராது, அதையொட்டிய பாட்டுகள் வரும், நடுவே விளம்பரமும் வரும். வாங்கும் முன்பு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சந்தா எந்த ஸ்பீக்கரில் ஓடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாமா அத்தை ரூம். இதற்குத்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். கடைசியில் திரை உள்ள எக்கோ ஷோ 5 வாங்கினோம். ஐந்தரை அங்குலத் திரைதான். ஆனால் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தால் மணி பெரிதாகத் தெரிகிறது. மாமாவுக்கு ராத்திரி எழுந்தால் மணி பார்க்க கண்ணாடி தேட வேண்டியதில்லை. காது மந்தமான ஒருவருக்குக் குரல் மட்டும் பேசும் பெட்டியைக் கொடுத்தால், அது பேசியது கேட்காமல் அவரும், அவர் பேசியது புரியாமல் அதுவுமாக இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும். திரை இருந்தால் அது தன் பேச்சைக் கேட்டதா இல்லையா என்று கண்ணால் தெரிந்துவிடுகிறது. கீழே நீலக் கோடு ஓடினால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாமா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

கூப்பிடும் பெயரையும் மாற்றினோம். அலெக்சா என்பதில் அந்த ‘க்ஸ’ அத்தைக்கு வரவில்லை, அலெச்சா என்றுதான் வரும், அது திரும்பிப் பார்க்காது. போனில் இருக்கும் அலெக்சா ஆப்பில் போய் ‘எக்கோ’ என்று மாற்றிவிட்டோம். எக்கோ என்பது தமிழ் வாய்க்கு வழவழவென்று வரும். இதனால் இன்னொரு நன்மை. எங்கள் வீட்டில் ரூமுக்கு ரூம் சுவருக்கு மேலே வென்டிலேட்டர் திறந்தே இருக்கும், ஹாலில் கூப்பிட்டால் மாமா ரூமில் இருப்பதும் எழுந்துகொள்ளும். இப்போது ஹாலில் இருப்பது அலெக்சா, உள்ளே இருப்பது எக்கோ, குழப்பம் இல்லை.

மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. முதலில் ரிமைண்டர் போட்டேன். அது மணியடித்து, எழுதி வைத்ததை ஓரிரு தடவை வாசித்துவிட்டு அமைதியாகிவிடும். அந்த நேரம் மாமா வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால் போச்சு. அலாரம் அப்படியில்லை, யாராவது வந்து நிறுத்தாவிட்டால் வெகுநேரம் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் மருந்துக்கு அலாரம், மற்ற சில்லறை விஷயங்களுக்கு ரிமைண்டர் என்று பிரித்துக்கொண்டோம். ரிமைண்டரில் ஆங்கில எழுத்தில் ‘மாத்திரை’ என்று அடித்தால் அது ‘மேத்ரை’ என்று வாசித்தது. ‘ஏ’ என்ற எழுத்தை இன்னொன்று கூட்டிப் போட்டதும் கிட்டத்தட்ட நம் மாத்திரை ஆகிவிட்டது. ‘இன்சுலின்’ போன்றவை பிரச்சினையே இல்லை. அத்தைக்கு அந்தக் குரல் தமிழ் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. “டெல்லியிலிருந்து வந்த புதுப்பொண்ணு தமிழ் படிச்ச மாதிரி இருக்குடி” என்பார்.

தமிழ் தெரியாத ஸ்பீக்கரில் தமிழ் முழுசாக ஓடும் வழியும் ஒன்று உண்டு: அறிவிப்பு. அடுப்படியிலிருந்து அலெக்சாவிடம் “அனௌன்ஸ்” என்று சொல்லிவிட்டு “அத்தை, காபி ஆறுது” என்றால், என் குரலே என் வார்த்தையிலேயே எல்லா ரூமிலும் கேட்கும். அது மொழிபெயர்ப்பதில்லை, பதிவு செய்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாடிக்குக் கத்துவது நின்றதே இதனால்தான். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இரண்டு ஸ்பீக்கர் வாங்கலாம் என்பேன். ஆனால் இரண்டும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒன்று எக்கோ, ஒன்று நெஸ்ட் என்று வாங்கினால் ஒன்றின் அறிவிப்பு மற்றதில் கேட்காது, இரண்டிலும் சேர்ந்து பாட்டும் ஓடாது. கூகுளிலும் இதே வசதி ‘பிராட்காஸ்ட்’ என்ற பெயரில் இருக்கிறது.

டிராப் இன் என்று ஒன்று உண்டு. அனுமதி கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் யாரும் எடுக்காமலேயே லைன் சேர்ந்துவிடும், திரை உள்ளதில் படமும் தெரியும். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் அப்பா அம்மாவைப் பார்க்க வசதி என்று அதைப் போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் படுக்கும் ரூம் அது. சாதாரண வீடியோ கால் போதும், அவர்கள் எடுத்தால் பேசட்டும். ஷோவின் கேமராவுக்கு மேலே சின்னதாக ஒரு தள்ளுமூடி இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அதை மூடியே வைக்க அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. தூங்கும் நேரத்துக்கு ‘டூ நாட் டிஸ்டர்ப்’ தானாக விழும்படி நேரம் குறித்துவிட்டால் பிள்ளைகள் மாடியிலிருந்து விளையாட்டுக்கு அறிவிப்பு போட்டாலும் அந்த ரூமில் கேட்காது.

அடுப்படிக்கு வருவோம். சமையல் குறிப்பு பார்க்கத் திரை உள்ளதுதான் நல்லது என்று கடையில் சொல்வார்கள். தினமும் வைக்கிற சாம்பாருக்கு யார் குறிப்பு பார்க்கிறார்கள்? தாளிக்கிற எண்ணெய்ப் புகை திரையில் படிந்து, கைவைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். எங்களுக்குத் திரையில்லாத எக்கோ பாப் போதுமானதாக இருந்தது. அரை உருண்டை வடிவம், முன்பக்கம் மட்டுமே சத்தம் வரும், அதனால் சுவர் அலமாரியில் ஒதுக்கி வைக்க ஏற்றது. 2023-ல் வந்தபோது 4,999 ரூபாய் விலை போட்டிருந்தார்கள், தள்ளுபடி நாட்களில் இன்னும் குறையும். முன்னால் துணி வலை இருப்பதால் அடுப்புக்கு எதிர்ச் சுவரில், கண் உயரத்தில் வைத்தேன். சிங்க் பக்கமும் வேண்டாம். கூகுள் நெஸ்ட் மினியின் முதுகில் ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை இருக்கிறது, மேடையில் இடமில்லாத அடுப்படிக்கு அது நல்ல வசதி. மற்ற ரூமிலெல்லாம் நெஸ்ட் வைக்கப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மிக்சி ஓடும்போது எந்த ஸ்பீக்கரும் கேட்காது. இதை விலை கூட்டி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மனுசருக்கே கேட்காது. புகைபோக்கி ஃபேன் சத்தம்கூட இடைஞ்சல்தான். இருந்தாலும் அடுப்படியில்தான் அது அதிகம் உழைக்கிறது, காரணம் கை ஈரமாகவோ மாவாகவோ இருக்கும். டைமருக்குப் பெயர் வைக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. இட்லிக்கு பத்து நிமிஷம், முட்டைக்கு எட்டு நிமிஷம் என்று ஒரே நேரத்தில் இரண்டு ஓடும், முடிந்ததும் எது முடிந்தது என்று பெயரைச் சொல்லும். குக்கர் விசிலை எண்ணச் சொல்லிப் பார்க்கிறார்கள் சிலர். அந்த வேலை இன்னும் அத்தையிடம்தான்.

மளிகை லிஸ்டில் ஒரு தொல்லை. ஜீரா என்றால் சரியாக ஏறும், சீரகம் என்றால் லிஸ்டில் என்னவோ ஒன்று வந்து உட்காரும். கொத்தமல்லியை அது எழுதியிருந்ததைப் பார்த்தால் ஏதோ ஊர் பெயர் போல இருந்தது. வட இந்தியப் பெயர்களில் சொன்னால்தான் அதற்குப் புரிகிறது. அத்தைக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும்தான். லிஸ்டை மட்டும் காலண்டர் பின்பக்கத்திலேயே எழுதுகிறோம்.

படுக்கையறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா வேண்டாம், திரையும் வேண்டாம். முன்னால் மணி தெரியும் டாட் ஒன்று. அலாரம் அடித்தால் தலையில் ஒரு தட்டு தட்டினால் கொஞ்ச நேரம் பொறுத்து அடிக்கும். கோடையில் ஏர் கூலர் ஓடும் ரூமாக இருந்தால் கூலருக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், தலைமாட்டில் வைத்தால் மெல்லப் பேசினாலே கேட்கும். பாத்ரூமுக்குள் ஸ்பீக்கர் வைக்கும் ஆசை சிலருக்கு இருக்கிறது. ஆவியில் வீணாகும், விட்டுவிடுங்கள். பூஜை அறைக்கும் தனியாகத் தேவையில்லை. மார்கழியில் விடியற்காலைப் பாட்டை ஹால் ஸ்பீக்கரிலேயே தினமும் தானாகப் போடும்படி ஆப்பில் ‘ரொட்டீன்’ வைத்துவிடலாம்; சாம்பிராணிப் புகையில் கருவியும் கருக்காது.

பிள்ளைகள் ரூமில் ஸ்பீக்கர் வேண்டாம் என்பது என் கட்சி. அவர்களுக்குப் பேசத் தெரியும், அதனால்தான் வேண்டாம். வீட்டுப்பாடக் கணக்கைக் கேட்டு விடை எழுதிவிட்டு வருவார்கள். எந்த ரூமில் இருந்தாலும் ஆப்பில் குரல்வழி வாங்குவதை நிறுத்திவையுங்கள், அல்லது ரகசிய எண் போடுங்கள். ஆபாச வார்த்தை உள்ள பாட்டுகளைத் தடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. நாம் பேசியவை எல்லாம் ஆப்பில் வரிசையாகக் கிடக்கும், அவ்வப்போது போய் அழித்துவிடலாம். பையன் என்ன கேட்டிருக்கிறான் என்று பார்க்கவும் அது உதவும், அதை அவனிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கரைவிட வீட்டு வைஃபைதான் பல இடங்களில் வில்லன். எங்கள் வீட்டில் ராவ்டர் ஹாலில் இருந்தது; இரண்டு செங்கல் சுவரும் ஒரு காங்கிரீட் தளமும் தாண்டி மாடிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறவே இல்லை, பாட்டு நின்று நின்று வந்தது. ராவ்டரின் இன்னொரு அலையான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும். ஸ்பீக்கருக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, விடாமல் வந்தால் போதும். ராவ்டரை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றியதும் மேலேயும் கீழேயும் சரியாகிவிட்டது. வாங்கும் முன்பு, ஸ்பீக்கர் வைக்கப் போகிற அதே இடத்தில் போனை வைத்து ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். அங்கே சுற்றினால் ஸ்பீக்கரும் சுற்றும்.

மேலூர் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, அத்தான் போனின் ஹாட்ஸ்பாட்தான். அத்தான் தோட்டத்துக்குப் போனால் இன்டர்நெட்டும் தோட்டத்துக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு நான் நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைத்தான் வாங்கச் சொன்னேன். போனில் தமிழிலேயே கேட்டு, பாட்டை அதில் போட்டுக்கொள்கிறாள்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் மாலையில்தான் வரும் நாள் உண்டு. ஸ்பீக்கரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டு ராவ்டரை விட்டுவிட்டால் பிரயோஜனமில்லை, இரண்டும் அந்த லைனில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு குண்டு பல்பு அளவு மின்சாரம்கூட இழுக்காது. இன்டர்நெட் மட்டும் போனால், ஏற்கெனவே வைத்த அலாரம் எக்கோவில் அடித்துவிடும். பேச்சுதான் வேலை செய்யாது. மாமா மாத்திரை அலாரத்துக்கு அது போதும். பவர் பேங்கில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். இப்போதைய டாட், பாப் எல்லாம் யூஎஸ்பி இல்லை, உருண்டைப் பின் வைத்த தனி அடாப்டர்.

பல்பு, பிளக் என்று அடுத்த கட்டம் போகிறவர்களுக்குக் கொஞ்சம். ஸ்மார்ட் பல்பு வாங்கினால், கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்கைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். பல பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் வரும். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் திரும்பி வந்து ரூமே பட்டப்பகலானால் யாருக்கும் கோபம் வரும். இன்னொன்று, அத்தை பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். அப்புறம் அலெக்சா எத்தனை தடவை கூப்பிட்டாலும் பல்பு பதில் சொல்லாது. பெரியவர்கள் உள்ள வீட்டுக்குப் பல்பைவிட, சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் சரி. கையாலும் போடலாம், வாயாலும் போடலாம். அதற்கு போர்டில் நியூட்ரல் ஒயர் வேண்டும். போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் பெரும்பாலும் நியூட்ரலும் இருக்கும், இருந்தாலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கீசரை சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். போர் மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதற்குப் பிளக்கே கூடாது, கான்டாக்டர் என்ற கனத்த சுவிட்சை வைத்து எலக்ட்ரீசியன் வந்து செய்ய வேண்டிய வேலை. இப்போது வரும் பிளக்குகளில் ‘மேட்டர்’ முத்திரை இருந்தால் அலெக்சா, கூகுள், ஆப்பிள் மூன்றோடும் சேரும். பின்னால் ஸ்பீக்கர் குடும்பம் மாறினாலும் பிளக்கைத் தூக்கிப் போட வேண்டாம். ஆப்பிள் பற்றிக் கேட்டால், அவர்களுடைய ஸ்பீக்கரான ஹோம்பாட் மினியை நிறுவவே ஐபோனோ ஐபேடோ வேண்டும், எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் அடுப்படியில் ஆரம்பியுங்கள். அங்கே பிடித்துப்போனால் அடுத்தது பெரியவர்கள் ரூம். ஹாலுக்கு அவசரமே இல்லை, அங்கே டிவி இருக்கிறது, ஆளுக்கொரு போன் இருக்கிறது. வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று: அடாப்டரில் மார்க்கரால் ரூம் பெயரை எழுதிவிடுங்கள். எல்லாம் வெள்ளையாக ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் நெஸ்ட் மினியுடையதும் டாட்டுடையதும் ஒரே வோல்டேஜ் இல்லை. வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி ஒரே கூடையில் போட்டால் எது எதனுடையது என்று அப்புறம் தெரியாது.